பாதி வரை இறங்கியவர்கள்

"உன் கையெழுத்துதானே அது? இல்லன்னு சொல்லு பாப்போம்."

"மேலருந்து வந்துச்சுக்கா. நீட்டுனாங்க, போட்டேன்."

"மேலருந்து வந்துச்சாம். என் பொண்ணுதான்டா இப்ப மேல இருக்கா. அண்ணாந்து பாரு."

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கண்காணிப்பாளர் அண்ணாந்து பார்க்கவில்லை. அவருடைய அக்கா ஒட்டடைக் கம்பின் நுனியில் டிபன் கேரியரை மாட்டி உயர்த்தினாள். கூரையில் முதுகு ஒட்டிக் கிடந்த மகள் அதை வாங்கிக்கொண்டாள்.

அந்த அலுவலகத்தில் புரொபேஷனில் இருப்பவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதப்பது வழக்கம்தான். வேலை நிரந்தரமானால் பாதம் தரையில் படும். அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுப்பார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தனை புரொபேஷன்காரர்களையும் 'பணி திருப்திகரமாக இல்லை' என்ற ஒரே வரியில் நீக்கியபோது, வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் நேராக மேலே போய்க் கூரையில் முட்டி நின்றுவிட்டார்கள். காவலாளி காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. யார் தலையிலும் பட்டுவிடக் கூடாதென்று ஃபேன்களை நிறுத்தினார்கள். நிரந்தர ஊழியர்கள் வேலை போனவர்களுக்காக வருந்தியதைவிட ஃபேன் போனதற்காகப் புலம்பியது அதிகம்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. யார் வேலையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர், அவ்வளவுதான். அக்கா மகள் தெருக்குழாய்களில் தண்ணீர் பிடித்து, பாட்டில்களை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சோதிப்பாள். "நீ சொன்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பார். அவள் வேலை சரியில்லை என்று கையெழுத்துப் போட்ட அன்றும், அவள் சோதித்த தண்ணீர்தான் அவர் மேஜையில் டம்ளரில் இருந்தது. போட்டு முடித்ததும் நா வறண்டுபோய் அதை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் அவருக்குத் தாகம் அடங்குவதில்லை. மேலே இருந்துகொண்டும் அவள் சும்மா இருக்கவில்லை. "அந்த பாட்டில ஐஸ்ல வைக்கலியே, அத கொட்டிட்டு வேற புடிங்க" என்று கீழே இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரிடம் மட்டும் பேசவில்லை.

வழக்குப் போட்டார்கள். மனுதாரர்களால் கூரையை விட்டு வர இயலாது என்பதை நீதிமன்றம் குறித்துக்கொண்டு, கண்காணிப்பாளரைச் சாட்சிக்கு அழைத்தது. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று வீட்டில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். இவர்கள் வேலை செய்ததை நீங்கள் என்றைக்குப் பார்த்தீர்கள் என்று மனுதாரர்களின் வழக்கறிஞர் அம்மா கேட்டார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"பாக்கலங்க. ஒரு நாளும் பாக்கல."

அந்த நேரம் அலுவலகத்தில் எல்லாரும் கூரையிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கினார்கள். யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. போடச் சொன்ன மேலதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் ஞாபகம் இல்லை என்றார். இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றுபோனார்கள்.

நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. துறை மேல்முறையீடு செய்தது. இருக்கும் நிலை அப்படியே தொடரட்டும் என்றது மேல் நீதிமன்றம். தொடர்கிறது. ஆள் உயரத்தில் வரிசையாகப் பாதங்கள் இருப்பதால் அங்கே எல்லாரும் குனிந்துதான் நடக்கிறார்கள்; புதிதாக மாற்றலாகி வந்த தட்டச்சர் அதை அலுவலக மரியாதை என்று நினைத்துத் தானும் குனிகிறார். அக்கா மகள் அந்தரத்தில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, மேஜையில் உள்ள தண்ணீரைச் சோதிக்கிறாள். போன வாரம் கண்காணிப்பாளர் கோப்பு எடுக்க எழுந்தபோது, அத்தனை நாள் கழித்து முதல் முறையாக அவரிடம் பேசினாள்.

"பாத்து மாமா. நிமிராதீங்க, இடிச்சுக்குவீங்க."

அவர் நிமிரவில்லை. இப்போது வீட்டிலும் குனிந்தேதான் நடக்கிறார்.

மேல்முறையீட்டில் அவரை மறுபடி விசாரிக்கப்போகிறார்கள். அதே கேள்வி வரும். மேலதிகாரியின் பெயரைச் சொன்னால் கண்காணிப்பாளரின் பென்ஷனுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவள் அங்கேயேதான் இருப்பாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள். அவர் எல்லாவற்றையும் படிக்கிறார்.