கவுன்சிலர் கெரிகனின் வரிசை

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் சிட்னியின் பரமட்டாவில் நாட்குறிப்பு எழுதப் பழக்கும் வகுப்புக்குப் போகிறேன். ஆறாவது வாரம் ஆசிரியர் சொன்னார்: உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒருவர் பேசுவதை இருபது நிமிடம் கேளுங்கள், பிறகு அவரைப் பழிக்காமல் எழுதுங்கள். எந்த மொழியில் பொய் சொல்வது உங்களுக்குச் சிரமமோ அந்த மொழியில் எழுதுங்கள்.

நான் தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தேன். அது தவறோ என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பில் என் பக்கத்து இருக்கை ஷிவோனுடையது. அயர்லாந்திலிருந்து வந்து இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய தாய்மாமா கெரிகன், அங்கே மாடுகள் அதிகமும் மனிதர்கள் குறைவுமான ஒரு வட்டாரத்தின் கவுன்சிலர். "ஒத்துவராத ஆள்தானே வேண்டும்? எங்கள் மாமாவை எடுத்துக்கொள்" என்று, உள்ளூர் வானொலிக்கு அவர் கொடுத்த பேட்டியை அனுப்பினாள். இருபத்திரண்டு நிமிடம். பதினோரு முறை கேட்டேன். (நான் மென்பொருள் சோதிப்பவள். ஒரு பிழையைத் திரும்பத் திரும்ப வரவைத்துப் பார்க்காமல் அதைப் பிழை என்று எழுதமாட்டேன்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்தது." அயர்லாந்து என்றதும் மழை. நான் அங்கே போனதே இல்லை.

"கவுன்சிலர் கெரிகன் ஒரு" [இங்கே வந்த சொல் பழிப்பு. அடித்துவிட்டேன்.]

"கவுன்சிலர் கெரிகன் தன் வட்டாரத்தில் ஒரு சாவு வீட்டையும் தவறவிட்டதில்லை." இதை வைத்துக்கொண்டேன். பேட்டியில் அவரே சொன்னது. சனிக்கிழமை காலைகளில் மதுக்கடையின் பின்னறையில் ஒரு நோட்டுடன் உட்காருவார். ரோட்டுக் குழி, ஆஸ்பத்திரிப் படுக்கை, மூடிய தபால் நிலையம் என்று ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் வருவது வீட்டுக்காக. அப்பாவின் நிலத்தில் மகன் ஒரு வீடு கட்ட அனுமதி கிடைப்பதில்லை. அனுமதி கிடைக்காத மகன் விமானம் ஏறிவிடுகிறான். பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள் மிச்சம்.

அடுத்த சிக்கல், அவர் என்ன தமிழ் பேசுவார் என்பது. முதலில் செய்தி வாசிப்பவர் போலப் பேசவைத்தேன், உயிரே இல்லை. பிறகு எங்கள் விருதுநகர்ப் பேச்சைக் கொடுத்தேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிடலாமான்னு ஓட்டு வந்தப்ப, வேண்டாம்னுதான் போட்டேன். எங்க அக்கா பொண்ணு ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்குப் போனேன். ஆடினேன்."

"மறுபடி ஓட்டு வந்தால்?" என்கிறார் பேட்டி எடுப்பவர்.

"மறுபடியும் வேண்டாம்னுதான் போடுவேன். மறுபடியும் போயி ஆடுவேன்."

அந்த அக்கா பெண், ஷிவோனின் தமக்கை. "மோசமான ஆள்தான், ஆனால் எங்கள் ஆள்" என்றாள் ஷிவோன்.

பதினேழாவது நிமிடத்தில், ஊரின் பழைய ஹோட்டலில் அகதிகளைத் தங்கவைத்தது பற்றிக் கேள்வி வருகிறது.

"எனக்கு அவங்க மேல ஒரு கோவமும் கிடையாது. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எங்க அக்கா மகன் நாலு வருசம் அந்த வரிசையில நின்னான். இப்ப சிட்னியில ஆணி அடிச்சிட்டிருக்கான். இருக்கிறவனுக்கு முதல்ல. அப்புறம்தான் வந்தவனுக்கு."

இங்கேதான் என் வெறுப்பு தொடங்கியது. குறித்துவைத்தேன்: 17:40.

3

இனி ஒரு குடும்பத்தைக் கொண்டுவரவேண்டும். வீட்டுப்பாடத்தில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் இந்தக் கதையும் இல்லை.

என் அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்பவர் திரேசா அக்கா. அவருடைய கணவர் தவம் அண்ணா காங்கிரீட் வேலை செய்கிறார். மகள் கௌசிகா பதினோராம் வகுப்பு. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா; அதை அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். டூங்கபியில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரரின் மகன் குடிவருகிறான். காலி செய்ய அப்போது நான்கு வாரம்தான் பாக்கியிருந்தது. கௌசிகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும்.

இங்கே வீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது, நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு கடிதமும் வைப்பது வழக்கம். அந்தக் கடிதங்களை நான் எழுதிக்கொடுத்தேன். பதின்மூன்று கடிதம், பதின்மூன்று மறுப்பு. பாஸ்போர்ட் கேட்கும் இடத்தில் அவர்களிடம் ஓர் அட்டைதான் இருக்கிறது. விசா முடியும் நாளைக் கேட்கும் இடத்தில் சில மாதத்துக்குள் வரும் ஒரு தேதியை எழுதவேண்டும்.

அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறையில் உட்கார்ந்து எழுதிய நாளின் குறிப்பு:

"இவர் கட்டின வீடுகளை ஒரு நிரையா வைச்சா கெல்லிவில் மட்டுக்கும் போகும்" என்றார் திரேசா அக்கா. "எங்களுக்குப் படுக்கத்தான் ஒண்டும் இல்லை."

"நான் அத்திவாரம் மட்டும்தானே போட்டனான்" என்றார் தவம் அண்ணா. "கூரை போட்டவனிட்டக் கேளும்."

கௌசிகா என் தோளுக்கு மேலாகப் படித்தாள். "அக்கா, எங்களை ஓவரா நல்ல ஆக்களா எழுதாதேங்கோ. சஸ்பிஷியஸா இருக்கு."

அப்போது தவம் அண்ணா வெளியே போனார். போகும்போது தாழ்ப்பாளில் விரல் வைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். நெடுநாள் பிறர் வீட்டில் பகிர்ந்து குடியிருந்தவர்களின் பழக்கம். கௌசிகா வேண்டாம் என்றதையெல்லாம் அழித்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதினேன்: நாங்கள் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவோம்.

"திஸ் இஸ் குட்" என்றாள் கௌசிகா. அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அது பதினான்காவது கடிதம்.

4

அந்த வீடு டூங்கபி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இரண்டாம் மாடி, இரண்டு அறை. சனிக்கிழமை பதினைந்து நிமிடம் திறந்துகாட்டினார்கள். தவம் அண்ணாவுக்கும் திரேசா அக்காவுக்கும் வேலை. "நீங்கள் போய்ப் பாத்து, பேரைக் குடுத்திட்டு வாங்கோ தங்கச்சி" என்றார் தவம் அண்ணா.

முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றோம். (எண்ணுவது என் தொழில்.) வீட்டு முகவர் கையில் டேப்லெட். "உங்களுக்கா?" என்று கேட்டார். நண்பர்களுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் இருந்தவர் நகர்ந்துவர, "ஆமாம்" என்று சொல்லி என் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்தேன்.

[இந்தப் பத்தியை நான்கு முறை எழுதினேன். மூன்று வடிவங்களில் பின்னால் இருந்தவர் என்னை இடித்தார். உண்மையில் யாரும் இடிக்கவில்லை.]

கதைசொல்லியைப் பற்றி வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இதுவரை சொல்லவில்லை. அவளுக்கும் வீடு தேவைப்பட்டது. கெல்லிவில்லில் ராகவேந்திரா குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். சென்னையிலிருந்து அவருடைய பெற்றோர் வருகிறார்கள். "மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோங்கம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். மாசக் கடைசி என்பதுதான் அவசரம்.

5

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தவம் அண்ணா குடும்பத்தின் விண்ணப்பத்தை அனுப்பினேன். நான்கு பத்துக்கு அதே வீட்டுக்கு என்னுடையதை அனுப்பினேன்.

இடையில் எழுபது நிமிடம். அலுவலக மேசையில் காதுக்குள் கெரிகனை மூன்று முறை கேட்டேன். வீட்டுப்பாடத்துக்காக என்றே நம்பினேன். அவர் என் ஊர்த் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எனக்கு நிரந்தர வசிப்புரிமை வந்து இரண்டு வருடம். பரீட்சை எழுதினேன், புள்ளி சேர்த்தேன், காத்திருந்தேன். அவர்கள் படகில்

[இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஆனால் அடிக்கவும் மாட்டேன். இருக்கட்டும்.]

எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் கிடையாது. எப்படியும் அவர்களுக்குக் கொடுக்கப்போவதில்லை. நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார். இப்படியெல்லாம் யோசித்தேன். பிறகு கடிதம் எழுதினேன். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவேன் என்று எழுதினேன்.

புதன்கிழமை முகவர் அழைத்தார். வாழ்த்துச் சொன்னார். கூடவே, "கடைசியில் உங்களுக்கும் ஒரு குடும்பத்துக்கும் இடையில்தான் முடிவு செய்தோம்" என்றார்.

எந்தக் குடும்பம் என்று நான் கேட்கவில்லை.

என் தொழிலில் எதிர்பார்த்தது, நடந்தது என்று இரண்டு கட்டம் இருக்கும். சந்தேகம் வந்தால் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இதை மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. பதினான்காவது கடிதம் வென்றிருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன். சாவி இந்த மேசையில் இருக்கிறது.

6

வகுப்பில் கெரிகனைப் பற்றிப் படித்தேன். பழிப்பே இல்லை என்று ஆசிரியர் பாராட்டினார். வெளியே வரும்போது ஷிவோன் சொன்னாள்: "ஒன்றை விட்டுவிட்டாய். பத்தொன்பதாவது நிமிடம்."

விட்டது தெரிந்தேதான். பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: "கூட்டத்துல அவங்களுக்கு எதிராப் பேசிட்டு நேரா அந்த ஹோட்டலுக்குத்தான் போனேன். உங்களுக்கு எதிராப் பேசினவன் நான்தான்னு சொன்னேன். ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. டீ குடுத்தாங்க. குடிச்சேன்."

"உண்மையா அது?" என்றேன்.

"உண்மைதான். எங்கள் அம்மாதான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டாள். டீயில் ஏலக்காய் இருந்தது என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்."

அவருடைய கருத்துகளில் எதையும் நான் இப்போதும் ஏற்கவில்லை. எதை அவர் வாயால் சொன்னாரோ அதை நான் கையால் செய்தேன். நேரில் போய்ச் சொல்லி அந்த டீயைக் குடிப்பதுதான் என்னால் முடியவில்லை.

7

முடிவுகள். இன்று வெள்ளிக்கிழமை மாலை, இன்னும் வெளிச்சம் இருக்கிறது. நாளை காலை தவம் அண்ணா வருவதற்குள் ஒன்றை எடுக்கவேண்டும். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் திரேசா அக்காவிடம் சொல்லியிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. "கடவுளே, நல்லது பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கடைசி நான்கு வாரம் இரண்டாகக் குறைந்திருந்த நாளில் அதைச் சொன்னார். தவம் அண்ணா, சாமான் ஏற்றத் தன் வேலையிடத்து யூட்டை, பின்பக்கம் திறந்த சிறு லாரியை, கேட்டு வாங்கியிருக்கிறார்.

முடிவு அ: சாமான் ஏற்ற ஆள் பிடித்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் திரேசா அக்கா ரயிலுக்கு நடக்கும் வழி அந்தக் கட்டடத்தின் முன்னால்தான்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்வது. தவம் அண்ணா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்ப்பார். பிறகு, "சரி, முதல்ல கட்டிலை ஏத்துவம்" என்று சொல்லி இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறுவார். அவர் அப்படித்தான் செய்வார். எனக்கு அதிகப் பயம் இந்த முடிவில்தான்.

முடிவு இ: நீங்கள் முன்பே யோசித்திருப்பீர்கள். இரண்டு அறை, நாலு பேர். விண்ணப்பத்தில் ஒருவர் என்று எழுதியிருக்கிறேன்; மாற்ற முடியுமா என்று முகவரிடம் கேட்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இங்கே மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். அடிக்க முடியாத நான்காவது: எனக்கென்று ஒரு கதவு வேண்டும். அதைச் சத்தமாகச் சாத்தவேண்டும்.

கௌசிகாவுக்கு எந்த முடிவிலும் நான் வசனம் எழுதவில்லை. அவள் அந்தக் கடிதத்தைப் படித்தவள்.

இப்போது கைபேசியில் செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்:

"தங்கச்சி, நாளைக்கு எட்டு மணிக்கு யூட்டோட வாறன். கயிறு இருக்கு. திரேசா புட்டு கட்டித் தாறாவாம். புது அட்ரெஸை இப்பவே அனுப்பிவிடுங்கோ, வழி பாத்து வைக்கிறன்."

படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்று அவருக்கும் காட்டியிருக்கும். பதில் எழுதும் பெட்டியில் இதுவரை ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதை நீங்கள் எழுதுங்கள். என்னைப் பழிக்காமல் எழுதுங்கள் என்று கேட்கமாட்டேன்.

அண்ணா,