மத்தியான ரீடிங்

பஸ் டிப்போ மொட்டைமாடியில் காற்றை அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்பவனுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். முந்தின நாள் அக்கா வீட்டில் சாப்பிடும்போது அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டீசல் பஸ் போயி கேஸ் பஸ் வந்ததுலேர்ந்து, மத்தியானத்துல ஓசோன் ஏறுது மாமா, நெஞ்சுக்கு ஆகாத வாயு" என்றான். அக்கா புருஷன் டீசல் மெக்கானிக். கேஸ் பஸ் வந்து அவர் வேலையைத் தின்றுவிட்டது. ஆறு மாதமாகத் தொங்கிக் கிடந்த அவர் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. மிச்சத்தைச் சொல்ல மீட்டருக்கு மனசு வரவில்லை.

விடிந்ததும், வேலை போன முப்பது பேரோடு மாமா டிப்போ வாசலை மறித்தார். "ஊருக்கே விஷம் வைக்கிற வண்டிடா இது."

கேஸ் பஸ்ஸின் கண்ணாடி நொறுங்கியது. டிரைவரின் காது கிழிந்து தொங்கியது. அவரை உள்ளே தள்ளி, கதவைக் கம்பியால் கட்டி, டயரில் டீசலை ஊற்றினார்கள். கூரையில் ஆறு கேஸ் சிலிண்டர், உள்ளே ஓர் உயிர். அத்தனை பேரும் மெக்கானிக்குகள், தெரியாதா என்ன? வெறி பிடித்தவனுக்கு எது கண்ணில் படும்!

மீட்டர் மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தான்.

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க. நான் பாதிதான் சொன்னேன்."

"என்னடா பாதி?"

"டீசல் புகையில இருந்த ஒரு வாயு, ரோட்டோரத்து ஓசோனத் தின்னுட்டிருந்துச்சு. புகை போனதும் ஓசோன் தங்குது, அவ்வளவுதான். கேஸ் பஸ் அதக் கக்கல. காத்துல கரி பாதியாக் குறைஞ்சிருக்கு."

மாமா விட்ட அறையில் அவன் உதடு கிழிந்தது.

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க மாமா."

மாமா பஸ்ஸுக்கு ஓடினார். "விடுங்கடா, நான் சொன்னது தப்பு" என்று கத்திக்கொண்டே கதவுக் கம்பியை அவிழ்த்து டிரைவரை வெளியே இழுத்துப் போட்டார்.

"விலை போயிட்டான்" என்றான் எவனோ. இரும்புக் கம்பி மாமாவின் பிடரியில் இறங்கியது. இரண்டாவது அடியில் மண்டை பிளந்தது. மூன்றாவதை அடித்தவன், பத்து வருஷம் அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் தெறித்து ஓடியது.

மீட்டர் அவர் தலையை மடியில் ஏந்தினான். பிளவை அழுத்திய விரல்கள் உள்ளே போயின.

"பொழச்சிடுவேனா?"

"ஒண்ணும் ஆகாது மாமா. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

மாமா அவன் சட்டையைப் பிடித்தார்.

"முழுசாச் சொல்லு மாப்ள."