மெழுகு இறுகும் வரை

முதல் கடி கோணலாகப் போனதற்குக் கடவுள்தான் காரணம் என்று தம்பி, அக்காவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

தம்பிக்கு வயது அறுபது. தொழில், பல்செட் செய்வது. முதலில் மெழுகை இளக்கி வெறும் ஈறுமேல் வைத்துக் கடிக்கச் சொல்வான். அது இறுகும் வரை தாடை அசையக் கூடாது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் எங்கே சந்திக்க வேண்டும் என்பது அந்தக் கடியில்தான் முடிவாகும். அக்கா கடித்தாள். கடித்த வாயோடு தம்பிக்காக முணுமுணுவென்று பிரார்த்தனையும் செய்தாள். தாடை ஒரு மயிரிழை விலகியது. செட் தயாராகி வாயில் ஏறியதும், பேசுகிறபோதெல்லாம் டக்டக்கென்று தட்டியது. அக்கா அதைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு, குழைத்த சோற்றுக்கே திரும்பிவிட்டாள்.

வேறு சமயமாக இருந்தால் கிண்டலடித்துக்கொண்டே இன்னொன்று செய்திருப்பான். இப்போது அவகாசம் இல்லை. அவன் கல்லீரலில் ஆரம்பித்த புற்று எலும்புக்கும் போய்விட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். தம்பிக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோது, இந்தக் கை இன்னும் எத்தனை நாள் நடுங்காமல் இருக்கும் என்றுதான் யோசித்தான். அக்காவின் வாயை அப்படியே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை. வேறு ஆளிடம் செய்துகொள் என்று சொல்லிப் பார்த்தான். கண்டவன் கையை வாய்க்குள் விடமாட்டேன் என்றாள்.

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டாள். தம்பி ஒரே ஒரு தடவை கடவுளைக் கும்பிட வேண்டும். அதுவரை வாயைத் திறக்க மாட்டாள். சாப்பிடத் திறந்தாள், திட்டத் திறந்தாள், மெழுகுக்கு மட்டும் திறக்கவில்லை.

“உனக்காக வேணாம்டா. எனக்காக நாலு வரி சொல்லு. நீ போற இடத்துல நான் உன்னைத் தேடிக்கிட்டு அலையக் கூடாது.”

தம்பி சிரித்து மழுப்பினான். அவனுக்குக் கடவுள்மேல் கோபமெல்லாம் கிடையாது. சிலருக்குப் பாட்டு ஏறாதது மாதிரி, சின்ன வயசிலிருந்தே அது அவனுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். நாலு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? படுக்கையில் புரண்டபடி சொல்லிக்கூடப் பார்த்தான். கடி எடுக்காமல் செய்த செட் மாதிரி இருந்தது. பார்க்க அழகு, மெல்ல உதவாது.

இப்படியே ஒரு வாரம் போனது. அவன் பல்செட் செய்யும் பின்னறை வாசலில் அக்கா உட்கார்ந்து காய் நறுக்குவாள். உள்ளே அலமாரியில் ஊர்க்காரர்களின் தாடைகள் பிளாஸ்டரில் வெள்ளையாக இளித்துக்கொண்டிருக்கும். இவங்கள்லாம் எதுக்குடா சிரிக்கறாங்க என்று ஒருநாள் கேட்டாள். பில் இன்னும் அவங்க கைக்குப் போகலை என்றான்.

அன்று காலை வேறொருவருக்காக ஒரு பல்லை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தபோது, அது விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அக்கா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். பல்லைத் தேடி எடுத்து, துடைத்து, மேஜைமேல் வைத்தாள். அவன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

 மெழுகை விளக்கில் காட்டி இளக்கினான்.

“ஆனா உள்ள சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். நிறுத்த வராது.”

“சொல்லிக்கோ. உதடு அசையாமச் சொல்லு.”

“உதடு அசையாமச் சொன்னா எனக்கே கேக்காதுடா.”

“உங்க ஆளுக்குக் கேக்கும்ல?”

மெழுகை வைத்தான். எச்சிலை விழுங்கச் சொன்னான், கடிக்கச் சொன்னான். தாடை சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலை அவள் மோவாயில் வைத்துக் காத்திருந்தான். விரலுக்கடியில் மெல்ல ஒரு துடிப்பு கிளம்பியது. ஆரம்பித்துவிட்டாள். இதுவும் போச்சு என்று தோன்றியது. எப்படியாவது அவள் கவனத்தைத் திருப்பவேண்டும்.

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு.”

துடிப்பு நின்றது.

சும்மா எதையாவது சொல்லத்தான் வாயெடுத்தான். வந்தது இது. டாக்டரிடம்கூடச் சொல்லாதது.

“வலிக்கு மாத்திரை இருக்கு, அது பரவால்ல. காலையில இந்த விளக்கப் பத்தவைக்க நான் இருக்க மாட்டேன்ல, அதான். எங்கயும் போகப் போறதில்லக்கா. அப்புறம் உன்னையும் பாக்கப் போறதில்ல.”

அக்காவின் கண்கள் அகன்றன. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம்.

“விடாத. கடிச்சபடியே இரு.”

அவள் விடவில்லை. அவன் பேச ஆரம்பித்ததிலிருந்து சொன்ன எதையும் அவள் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இப்போது வழியில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி அவன் விரலில் முட்டி நின்றது. விரலை அவன் எடுக்கவில்லை.

“கும்பிட்டேன்னு ஒரு பொய் சொல்லிடலாம். அப்புறம் நீ யாரையோ நெனச்சு அழுதுக்கிட்டு இருப்ப. என்னை நெனச்சு அழணும்ல?”

தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து, ஹாரன் அடித்து, போனது. மெழுகு இறுகியது. அவன் இரண்டு விரலால் அதை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். கோணல் இல்லை. குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் மெதுவாக விட்டான்.

அக்காவின் வாய் இப்போது காலி. என்னவோ சொல்ல உதடு பிரிந்தது. பிறகு சேர்ந்துகொண்டது. நடுங்க ஆரம்பித்திருந்த அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். கிண்ணத்தில் மெழுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, விளிம்பைத் தொட்டு, மெல்லத் திரும்பியது.