ஒரு நாள் ஜன்னல்

கடைக்குள் எனோஸ் ட்ரேப்பர் காலை வைத்ததும் பேச்சு நின்றது. உண்மையிலேயே நின்றதா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. மூன்று மாதமாக யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மகள் லவீனியா சிகாகோவிலிருந்து தான் எழுதிய புத்தகத்தைத் தபாலில் அனுப்பிய நாளிலிருந்து பிடித்த பீடை அது.

நாடே அதைப் படிக்கிறதாம். இவர்கள் நெப்ராஸ்கா புல்வெளியில் குடியேறிய காலத்தைப் பற்றியதாம். எனோஸுக்கு எழுத்து வாசனை கிடையாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே அந்த ஜன்னல் இருந்துவிட்டால்?

மடியில் கனம் இருந்தது. ஐந்து வருடம் குடியிருந்து உழுதவனுக்கு நிலம் சொந்தம் என்று அரசாங்கம் சொன்ன காலம் அது. வீடென்றால் அதில் கண்ணாடி ஜன்னல் இருக்க வேண்டும் என்று நில அலுவலகத்தில் அடம்பிடித்தார்கள். புல்மண் கட்டிகளை அடுக்கிய வீட்டில் கண்ணாடிக்கு எங்கே போவது? அந்த வட்டாரத்துக்கே ஒரு ஜன்னல்தான். ஆறு கண்ணாடித் துண்டு பதித்த சட்டம், ஒன்றில் மூலையில் விரிசல். போர்வையில் சுற்றி வண்டியில் வரும். சாட்சிகள் வந்து பார்ப்பார்கள். மறுநாள் வீட்டுக்காரன் பைபிளில் கை வைத்து, என் வீட்டில் ஜன்னல் உண்டு என்று சத்தியம் செய்யக் கிளம்பும்போது ஜன்னல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் எனோஸும் அப்படித்தான் சத்தியம் செய்தார். ஆறு வயது லவீனியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பக்கத்து மாவட்டத்தில் பழைய பொய்ச் சத்தியம் ஒன்றைத் தோண்டியெடுத்து நிலத்தையே பிடுங்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. இன்று பார்த்தால், பிஸ்கட் பீப்பாய்க்குப் பக்கத்தில் கறுப்புத் தொப்பியும் நோட்டுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

"இவருதான் ட்ரேப்பர்," என்றார் கடைக்காரர் ஹைரம். ஊர்த் தபாலும் அவர் கையில்தான். "காலையிலேர்ந்து உன்னையத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு."

"ஏன், நான் எவன் மாட்டைக் களவாண்டேன்?"

புதியவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "என் பேரு விட்லோங்க. ஒஹையோவுல பள்ளிக்கூட வாத்தியார். உங்க பழைய வீட்டைப் பாக்கணும். முக்கியமா அந்த ஜன்னல் இருந்த எடத்தை."

எனோஸ் அவன் காலைப் பார்த்தார். வாத்தியாராம். எந்த ஊர் வாத்தியாருக்கு இவ்வளவு நல்ல பூட்ஸ் கட்டுப்படியாகும்?

"எந்த ஜன்னல்? யாரு சொன்னது?"

"உங்க மகதான் எழுதியிருக்காங்களே. நீங்க படிக்கலையா?"

"கண்ணு சரியில்ல."

"அவரு பொறந்ததுலேர்ந்தே எழுத்துன்னா கண்ணு சரியில்ல," என்று ஹைரம் சிரித்தார்.

"படிங்க," என்றார் எனோஸ். வருவது தெரிந்தே வரட்டும்.

விட்லோ பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்துப் படித்தான்.

'எங்கள் வீட்டில் பகலிலும் இருட்டு. ஒரு நாள் அப்பா எனக்காக ஒரு ஜன்னல் கொண்டுவந்தார். அன்று முழுக்க அதன் முன்னால் நின்றேன். கண்ணாடிமேல் ஊதி, விரலால் ஒரு கோழி வரைந்தேன். மறுநாள் காலை ஜன்னலைக் காணோம். நான் அழுக்காக்கியதால் எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குப் பயம். இன்றைக்கும் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.'

சத்தியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனோஸ் தப்பித்தார். சந்தோஷப்பட வேண்டியவர், பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலை அவருக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். சர்க்கரையைத் திருடிவிட்டாள் என்று நினைத்து அவளை அதட்டிவிட்டுத்தான் அவர் வண்டி ஏறினார். பெற்ற பிள்ளையைக்கூட விட்டுவைக்காத சந்தேகம்.

"ஹைரம், பேனாவை எடு. எம் பொண்ணு வீனிக்கு ஒரு கடுதாசி போடணும்."

"இப்பவா?" ஹைரம் குரலைத் தாழ்த்தினார். "இவரு போயிரட்டுமேப்பா."

எனோஸ் இன்னொரு முறை அந்த பூட்ஸைப் பார்த்தார். அவன் வாத்தியார்தான் என்று இப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். நீ எழுது. வீனி, நீ எதையும் அழுக்காக்கல. அந்த ஜன்னல் இரவல். பொய்ச் சத்தியம் பண்றதுக்காக உங்கப்பன் கொண்டாந்தது. பயந்துக்கிட்டு உங்கிட்ட சொல்லல."

ஹைரமின் பேனா நின்றது. "மறுநாள் அது எங்க வீட்டுக்குத்தானய்யா வந்துச்சு."

"தெரியும். வந்தப்ப அதுல கோழி இருந்துச்சா?"

"இருந்துச்சு. வெயில் பட்டா தெரியும். என் பொண்டாட்டி அதைத் துடைக்க விடல."

"அப்ப அதையும் எழுது."

ஹைரம் கறுப்புத் தொப்பிக்காரனை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்தார்.