தானாகக் கியர் மாறும் கார்

மகேந்திரராஜாவுக்குக் கார் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை, ஓட்டுவதைத் தவிர. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் முகாமையாளராக இருந்தவர். அங்கே அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் செயின் கழன்றாலும் யாராவது வந்துதான் மாட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் எந்தக் கார் நல்லது, எது தள்ளிக்கொண்டு போகத்தான் உதவும் என்று எவர் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்கமாகச் சொல்வார்.

எண்பத்துநாலில் மனைவி மங்கையற்கரசியோடு ஜெர்மனிக்கு வந்தார். அகதி முகாமில் காத்துக் கிடந்து விசா கிடைத்த பிறகு, சவர்லாண்ட் மலைப்பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருவருக்கும் வீடு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் மலை என்று பேருக்கு இருப்பது கீரிமலை. அங்கேயும் கேணியில் குளிக்க வேண்டுமானால் கீழேதான் இறங்க வேண்டும். இந்த ஊரிலோ பேக்கரியில் பாண் வாங்கப் போவதற்கே மலை ஏற வேண்டியிருந்தது.

அவருக்கு ஆற்றோரத் தொழிற்சாலையில் வேலை. மங்கைக்கு மலை உச்சியிலிருந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில். பனி கொட்டினால் பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். முதல் வருஷம் அவள் நடந்தே ஏறினாள். இறங்கும்போது ஒருநாள் சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே பாதி மலை வந்து சேர்ந்தாள். அன்று மாலை, இடுப்பில் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு, "கார் ஒண்டு வேணும்" என்றாள்.

இருவரும் ஒரே பள்ளியில் கார் ஓட்டப் பழகினார்கள். மங்கை வாத்தியார் சொன்னதைக் கேட்டாள். முதல் சோதனையிலேயே பாஸ். மகேந்திரராஜா வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுத்தார். சோதனை நாளில் ஒரு ஏற்றத்தில் கிளச்சை விடத் தெரியாமல் எஞ்சினை நிற்க வைத்து, பின்னால் வந்த பால் லொறியின் மூக்குவரை உருட்டிக்கொண்டு போனார். இரண்டாவது சோதனையிலும் அதே ஏற்றம், அதே உருட்டல். கடைசியில் வாத்தியார் அவரைத் தானாகக் கியர் மாறும் ஓட்டோமற்றிக் காரில் ஏற்றினார். அதில் பாஸ். ஆனால் ஜெர்மன் சட்டப்படி, ஓட்டோமற்றிக்கில் சோதனை எடுத்தவர் ஓட்டோமற்றிக் மட்டுமே ஓடலாம். லைசென்சில் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். "உது பெரிய ஆக்களுக்குக் குடுக்கிற லைசென்ஸ்" என்று மகேந்திரராஜா எல்லோருக்கும் சொன்னார்.

பழைய கார் விற்கிற மீசைக்காரர் இரண்டு கார்களைக் காட்டினார். ஒன்று தேன் நிறத்தில், கல்யாண மண்டபம்போலப் பெரியது. வெல்வெற் இருக்கை, ஓட்டோமற்றிக் கியர், பின்சில்லு, அதாவது பின்சக்கரம், இழுக்கிற கார். மற்றது சின்னச் சிவப்புக் கார். கையால் நாலு கியர் மாற்ற வேண்டும், முன்சில்லு இழுக்கும்.

"மலையில் பனிக்காலம் ஓடவா? அப்படியென்றால் சிவப்பு" என்றார் மீசைக்காரர். "எஞ்சினின் பாரம் முழுக்க இழுக்கிற சில்லுகளின் மேல் இருக்கிறது. பிடி கிடைக்கும். கியரும் உங்கள் கையில். இரண்டாம் கியரில் போட்டு மெல்லமெல்ல ஏறிவிடலாம்."

மகேந்திரராஜா மனைவியின் காதருகே குனிந்தார். "உதைத் தலையிலை கட்டப் பாக்கிறான். உதுக்குள்ளை இருந்தால் முழங்கால் நாடியிலை இடிக்கும். பெரிய காரைப் பாரும். பாரமான கார் பனியிலை அசையாது."

"அசையாமல் நிக்கிறதுக்கோ நாங்கள் கார் வாங்கிறம்? மலைக்கு வேலைக்குப் போறது ஆர், நானோ நீங்களோ?"

"அப்ப நான் பின்சீற்றிலை இருந்து தேவாரம் பாடுறதோ? எனக்குச் சிவப்பை ஓட ஏலாது. பெரிசெண்டால் ரெண்டு பேரும் ஓடலாம்."

இந்த ஒரு நியாயத்துக்கு மங்கை விட்டுக்கொடுத்தாள். தேன் நிறக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. அதன்மேல் கை வைத்தபடி மகேந்திரராஜா எடுத்த படங்கள் யாழ்ப்பாணம், லண்டன், கனடா என்று மூன்று திசைகளுக்கும் போயின. நவம்பரில், காய்ந்த வீதியில், இருவரும் ஹம் நகரத்துக்குப் போய்த் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கி வந்தார்கள். கார் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போனது. மங்கைக்கே, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

பிறகு பனி வந்தது. முதல் நாள் கார் வாசலை விட்டே வெளிக்கிடவில்லை. பின்சில்லுகள் நின்ற இடத்தில் நின்று அரைத்தன. மங்கை பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தாள்.

டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு, ஹம்மிலிருந்து வின்சன்ற் ரயிலில் வந்திருந்தான். மகேந்திரராஜாவோடு முகாமில் ஒரே அறையில் இருந்தவன், நல்ல கத்தோலிக்கன், காரில்லாதவன். அதனால் அவனிடம் ஆலோசனை நிறைய இருந்தது.

"அண்ணை, இஞ்சத்தை ஆக்கள் டிக்கிக்குள்ளை மண்மூட்டை வைக்கிறவை. பின்னுக்குப் பாரம் இருந்தால் சில்லு பிடிக்கும்."

"உந்தக் குளிருக்கை மண்ணுக்கு எங்கை போறது? நிலமெல்லாம் இரும்பாய்க் கிடக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் சமையலறை மூலையைப் பார்த்தார்கள். மங்கை தடுப்பதற்குள் அரிசி மூட்டைகள் டிக்கிக்குள் ஏறின. போதாததற்கு வின்சன்றும் பின்சீற்றில் ஏறினான். "நானும் ஒரு மூட்டைதானே அக்கா."

காலை வேலைக்கு மங்கையைக் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். கார் கிளம்பியது! மகேந்திரராஜாவின் முகத்தில் சூரியன் உதித்தது. அடிவாரத்துத் தேவாலயத்தைத் தாண்டி ஏற்றத்தில் பாதிவரை போனார்கள். "பாத்தீரோ?" என்று மனைவியின் பக்கம் திரும்பினார். வளைவு வந்தது. வேகம் குறைவதுபோலிருக்க, காலை அழுத்தினார்.

"அழுத்தாதேங்கோ!" என்றாள் மங்கை.

பிந்திவிட்டது. அவர் அழுத்தியதும் கியர்ப் பெட்டி தானாகவே கீழ்க் கியருக்கு விழுந்தது. எஞ்சின் உறுமிற்று. பின்சில்லுகள் பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றன. காரின் பின்பக்கம் ஒருபுறம் நழுவ, அவர் பிரேக்கில் ஏறி நின்றார். அதன்பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். கார் பின்புறம் முன்னாக, கோயில் திருவிழாச் சப்பறம்போல ஆறுதலாக, அரிசியின் பாரம் இழுத்த பக்கம் இறங்கியது. மகேந்திரராஜா முருகனைக் கூப்பிட்டார். பின்சீற்றிலிருந்து மாதாவைக் கூப்பிட்டான் வின்சன்ற். மங்கை ஒருவரையும் கூப்பிடவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

தேவாலய முற்றத்தில் யேசு பிறந்த கொட்டில்போலப் பலகையால் பெரிய பாலன் குடில் ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். கார் அதற்குள் புகுந்துதான் நின்றது. டிக்கி திறந்துகொண்டது. ஒரு மூட்டை வெடித்து, வைக்கோலின் மேல் அரிசி கொட்டியது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்த வின்சன்ற் நெஞ்சில் சிலுவை போட்டான். "ஐயோ அண்ணை, சூசையப்பரை இடிச்சுப் போட்டியளே!"

"உயிர் இருக்கோ?"

"மரத்தாலை செய்தது அண்ணை! கை கழண்டு போச்சு. கழுதைக்குக் காதையும் காணேல்லை."

சத்தம் கேட்டுப் பாதிரியார் ஓடி வந்தார். மூன்று பேருக்கும் காயமில்லை என்று பார்த்துக்கொண்டார். பாலன் பத்திரம், மாதா பத்திரம். பிறகு அரிசியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மகேந்திரராஜாவின் பெயரைக் கேட்டார். அது மிக நீளமாயிருக்கவே, என்ன அர்த்தம் என்றும் கேட்டார்.

மகேந்திரராஜா தலையைக் குனிந்தபடி ஜெர்மனில் சொன்னார்: "பெரிய ராசா."

பாதிரியார் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "பாலனைக் காண வந்த மூன்று ராசாக்களை நாங்கள் ஜனவரி ஆறாம் திகதிதான் குடிலுக்குள் வைக்கிறது. நீங்கள் நேரத்தோடு வந்துவிட்டீர்கள்."

மங்கை அதற்குச் சிரிக்கவில்லை. காரிலிருந்து இறங்கினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டைத் தட்டினாள். பூட்ஸ் கயிற்றைக் குனிந்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கினாள்.

"மங்கை, கொஞ்சம் நில்லும்!"

அவள் நிற்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும். வளைவில் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் பாதி அடி சறுக்கி, மறுபடி ஊன்றி, அவள் ஏறிய விதத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். போன பனிக்காலம் முழுவதும் அவள் நடந்தபோது அவர் போர்வைக்குள் இருந்தவர்.

அன்று பகல் முழுக்க அவரும் வின்சன்றும் குடிலுக்குப் பலகை அடித்தார்கள். சூசையப்பரின் கையை வின்சன்ற் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஒட்டினான். கழுதையின் காது அகப்படவேயில்லை.

புதுவருஷம் பிறந்ததும் மகேந்திரராஜா மங்கைக்குச் சொல்லாமல் மீசைக்காரரிடம் போனார். பின்பக்கம் நசுங்கிய தேன் நிறக் காரைக் கொடுத்துவிட்டுச் சிவப்புக் காரைக் கேட்டார். மீசைக்காரரின் மீசை ஆடியது. மகேந்திரராஜாவின் லைசென்சுக்கு அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவரவும் வழியில்லாததால், மீசைக்காரரே ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்.

மங்கை வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"உதை நீங்கள் ஓட ஏலாதே."

"ஓம்." காரின் திறப்பை நீட்டினார். "அந்த நிறம் எனக்கு அலுத்துப் போச்சு. அதுதான் மாத்தினன்."

"நிறமோ?"

"ஓம். நிறம்தான்."

அவள் திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த பனி முழங்கால்வரை கொட்டியது. காலையில் மங்கை ஸ்டியரிங்கின் முன் அமர்ந்தாள். தொழிற்சாலை அன்று லீவாதலால் மகேந்திரராஜாவும் ஏறி, பக்கத்து இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டார். அடிவாரம் வருவதற்குள்ளேயே தொடங்கிவிட்டார்.

"கிளச்சைப் பாத்து. வலப்பக்கம் பள்ளம். வளைவிலை..."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். "இறங்குறீங்களோ, வாயை மூடுறீங்களோ?"

அவர் வெளியே பார்த்தார். குளிர் மைனஸில் இருந்தது. வாயை மூடினார்.

மங்கை இரண்டாம் கியரைப் போட்டாள். கிளச்சை, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல், மெல்ல விட்டாள். சிவப்புக் கார் முனகிக்கொண்டு ஏறியது. வளைவு வந்தபோது மகேந்திரராஜா கண்ணை மூடிக்கொண்டார். அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது முதியோர் இல்லத்தின் வாசல் தெரிந்தது. உள்ளே சன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவிகள் கை தட்டினார்கள். அது மனைவிக்குத்தான் என்று தெரிந்தும் மகேந்திரராஜாவும் கையை அசைத்தார்.

அடுத்த கோடையில் அவர் கையால் கியர் மாற்றும் காரில் மறுபடி சோதனை எடுத்து, மறுபடி உருண்டார். அதற்கடுத்த கோடையில் பாஸ் பண்ணினார். இம்முறை வாத்தியார் சொன்னதைக் கேட்டிருந்தார். அன்று மங்கை பாயாசம் காய்ச்சினாள். பாயாசத்தோடு சட்டத்தையும் வைத்தாள்: "வெயிலுக்கை நீங்கள் ஓடுங்கோ. பனிக்கை நான்."

அவர் பாயாசத்தை ஊதிக்கொண்டே யோசித்தார். "மழைக்கை?"

"மழை பெய்யட்டும், பாப்பம்" என்றாள் மங்கை.