பச்சை உடம்பும் பாஸ் மீனும்

மீன் பிடிக்கப் போகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது, பிடிபட்டால் என்ன செய்வது என்பதை. குலசிங்கம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தான். கீழ்மாடிப் பத்மநாதனிடம் தூண்டில் தடி இரவல் வாங்கினான். மண்புழுவைக் கோப்பிக் கோப்பையில் போட்டு மூடிக்கொண்டான். வாளி எடுத்தான், காது மூடுகிற தொப்பி போட்டான், கார்ள்ரன் தெருவில் ஸ்ரீட்கார் ஏறி, தண்டவாளம் முடிகிற இடத்தில் இறங்கி, ஹை பார்க்கைக் குறுக்கே நடந்து குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். கனடாவின் ஏப்ரல் கடைசி. மரங்களில் ஓர் இலை கிடையாது. குளத்தில் ஐஸ் போய்விட்டது, குளிர் மட்டும் அப்படியே இருந்தது.

இவன் ஒன்றும் மீன்பிடிகாரன் இல்லை. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில், மீன் என்பது சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி, வெட்டித் தரச்சொல்லிக் கொண்டு வருகிற சாமான். தூண்டில் எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றுகூடப் பத்மநாதன்தான் காட்டிக் கொடுத்தான். அப்படிப்பட்டவன் இந்தக் குளிரில் போய்க் குளத்தடியில் நின்றானென்றால் காரணம் இல்லாமலா? மனைவி தவமணிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை மாதம் நிறையாமல், இரண்டு மாதம் முந்தியே பிறந்துவிட்டான். தவமணி வீட்டுக்கு வந்துவிட்டாள், பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். தாய்ப்பால்தான் இந்தப் பிள்ளைக்கு மருந்து என்று சொல்லி, பால் எடுக்கிற பம்ப் ஒன்றும் குட்டிப் போத்தல்களும் கொடுத்து விட்டிருந்தார்கள். முதலில் போத்தலில் பாதி வந்தது. பிறகு கால்வாசி. இப்போது அடியை நனைக்கிற அளவுதான்.

அதுகூடப் பரவாயில்லை. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் கை விடுகிற வட்ட வாசல் ஒன்று இருந்தது. தாதி ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து, "தொடுங்கள், அம்மா தொட்டால் பிள்ளைக்கு நல்லது" என்பாள். குலசிங்கம் தன் சுண்டுவிரலைக் கொடுப்பான், பிள்ளை அதைப் பிடித்துக்கொள்வான். தவமணி மட்டும் இரண்டு கையையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் ஒளித்துக்கொள்வாள். பெற்ற நாளிலிருந்து அவள் தன் பிள்ளையைத் தொடவே இல்லை.

"ஏனப்பா, ஒருக்காத் தொட்டுப் பாருமன்" என்று அவன் கெஞ்சினால், "என்ர உடம்பு அவனை வைச்சிருக்க மாட்டாமல் வெளியிலை தள்ளிப்போட்டுது. இனிக் கையும் என்ன செய்யுமோ, ஆருக்குத் தெரியும்?" என்பாள். அழமாட்டாள். அழுதாலாவது பக்கத்தில் போய் இருக்கலாம். இது அப்படியில்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிற மாதிரி.

பக்கத்து அப்பாற்மென்ற் கமலாம்பிகை அன்ரிதான் மீன் கதையைத் தொடக்கிவிட்டது.

"மிசின் என்ன தம்பி செய்யும்? பெத்தவளுக்குச் சுறா வறை குடுத்தியே? இல்லையே! பிறகு பால் எங்கையால வரும்?"

"சுறாவுக்கு நான் எங்கை அன்ரி போறது?"

"சுறா இல்லாட்டி உடன் மீன் ஏதாவது. மிளகும் உள்ளியும் இடிச்சுப் போட்டு ஒரு சரக்குக்கறி வைச்சுத் தாறன். ஆனா கடையில ஐஸுக்குள்ள கிடக்கிறதைக் கொண்டந்திடாதை. துடிக்கிற மீனாயிருக்க வேணும்."

துடிக்கிற மீன். குலசிங்கத்தின் மண்டைக்குள் இந்தச் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால்தான், கை விறைத்துப் போய், இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் தடி வில்லாக வளைந்தபோது, அவன் "முருகா!" என்று கத்திக்கொண்டு கரையோடு ஓடினான். றீலைச் சுற்ற வேண்டும் என்பது மறந்துபோயிற்று. தடியையும் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து நடந்து மீனைக் கரைக்கு இழுத்தான். பச்சை முதுகு, பெரிய வாய், முழங்கை நீளம். உருண்டு புடைத்த வயிறு. ஆள் நல்லாய்ச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து அவனுக்குச் சந்தோசம். குளத்துத் தண்ணீரை வாளியில் கோலி, மீனை வளைத்து உள்ளே விட்டான். துடித்தது. துடிக்கத்தானே வேண்டும்!

ஸ்ரீட்காரில் அவன் வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தான். ஒவ்வொரு தரிப்பிலும் தண்ணீர் தளம்பிச் சப்பாத்தை நனைத்தது. எதிரில் இருந்த சீனக்கிழவி எட்டிப் பார்த்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். குலசிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். கனடாவுக்கு வந்ததிலிருந்து யாரும் அவனை இப்படி மெச்சியதில்லை.

வீட்டுக்கு வந்தான். தவமணி உள்ளறையில் படுத்திருந்தாள். குளியலறைப் பாத்ரப் தொட்டியில் வாளியைக் கவிழ்த்து, குழாய்த் தண்ணீரையும் திறந்துவிட்டு, குசினியிலிருந்து கத்தியை எடுத்து வந்தான். முட்டுக்காலில் இருந்தான். மீன் செவுளைத் திறந்து மூடிக்கொண்டு அவனைப் பார்த்தது. அப்போதுதான் அந்த மனிதனுக்கு விளங்கியது, இதை யாராவது கொல்ல வேண்டும் என்று. கொக்குவிலில் முப்பது வருசம் மீன் தின்றவன், ஒரு மீனையாவது தன் கையால் கொன்றதில்லை! கத்தியை ஓங்கினான், இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினான். பிறகு கத்தியைக் கழுவித் துடைத்து, சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொமட் மூடியின்மேல் குந்திக்கொண்டான்.

தவமணி வந்து கதவைத் தள்ளினாள்.

"என்னப்பா, தண்ணி ஓடுற சத்தம்... ஐயோ! இதென்ன?"

"மீன்" என்றான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"மீனெண்டு எனக்குத் தெரியாதே? இதை ஏன் இஞ்சை கொண்டந்தனீங்கள்?"

"உமக்குத்தான். பால் ஊறட்டுமெண்டு."

அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மீன் ஒருபக்கம் சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது. புடைத்த வயிறு தண்ணீருக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது.

"சினை முட்டி நிக்கிது" என்றாள் மெதுவாக. "இண்டைக்கோ நாளைக்கோ போடப் போறது. இதையே பிடிச்சனீங்கள்? வேறை மீன் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"தூண்டில் போடேக்கை வயித்தைப் பார்த்தே போடுறது, தவம்?"

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய வாளியை எடுத்து, பாத்ரப்புக்குள் சரித்துப் பிடித்தாள். "எழும்புங்கோ. கொண்டுபோய் விட்டிட்டு வருவம்."

"உமக்கென்ன விசரே? பச்சை உடம்போடை அவ்வளவு தூரம்—"

"அப்ப நான் தனியப் போறன்."

பிள்ளை பிறந்த இந்த இரண்டு கிழமையில் தவமணி ஒரு காரியத்தை வேண்டுமென்று சொன்னது அதுதான் முதல்தடவை. குலசிங்கம் சப்பாத்தைப் போட்டான். மீனை வாளிக்குள் தள்ளியது தவமணி இல்லை, அவன்தான். அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

திரும்பவும் அதே ஸ்ரீட்கார். தவமணிக்கு இரண்டு சுவெற்றர், ஒரு கோட்டு, காதைச் சுற்றிச் சால்வை. வாளி மடியில் முட்ட முட்ட அவள் உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் ஆஸ்பத்திரித் தரிப்பு வந்தது. அவள் தலை நிமிரவில்லை. பார்க்கைக் குறுக்கே நடக்கையில் அவன் வாளியைச் சுமந்துகொண்டு பத்தடிக்கு ஒருதரம், "களைக்குதோ? இருந்திட்டுப் போவமோ?" என்று கேட்டான். "அதுக்குக் களைக்குது, கெதியா நடவுங்கோ" என்றாள் அவள்.

குளத்தங்கரையில் இளந்தாரி வெள்ளைக்காரன் ஒருவன், றொபேட் என்று பிறகு பெயர் சொன்னவன், சின்னத் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றான். வாளியை எட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"இது பாஸ். இப்போது பாஸ் பிடிக்கிற காலம் இல்லை, தெரியுமா? பிடிபட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஜூன் கடைசிவரை கை வைக்கக் கூடாது."

குலசிங்கத்தின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு மீனுக்காக நாடு கடத்தப்பட்ட முதல் தமிழன் என்று தன் பெயர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். "விடத்தான் வந்தோம், சேர், விடத்தான்" என்று இங்கிலீசில் உளறிக்கொண்டே அவசரப்பட்டு வாளியைத் தண்ணீரில் கவிழ்த்தான்.

மீன் போகவில்லை. ஒருக்களித்தது, பிறகு வயிறு மேலே வந்தது. அப்படியே மிதந்தது.

"நிமிர்த்திப் பிடி!" என்று றொபேட் தன் தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். குலசிங்கம் பாய்ந்து பிடித்தான். பிடித்தானா? கம்பளிக் கையுறையோடு வாலை இறுக்கினான், அது வழுக்கிக்கொண்டு இன்னும் அப்பால் போனது. "கையுறை வேண்டாம்! வெறுங்கை, ஈரக்கை!" என்று மற்றவன் கத்தினான்.

சளக் என்று சத்தம் கேட்டது. தவமணி தண்ணீருக்குள் நின்றாள். சப்பாத்தோடு, முழங்கால் வரைக்கும்.

"தவம்! பச்சை உடம்பு! ஐயோ, குளிர் ஏறப்போகுது, வெளியிலை வாரும்!"

"சத்தம் போடாதையுங்கோ. அவர் என்ன சொல்லுறாரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

றொபேட் கரையில் குந்தியிருந்து நிதானமாகச் சொன்னான். குலசிங்கம் பல் கிடுகிடுக்க ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினான், தண்ணீரில் நிற்பது அவள், நடுங்குவது அவன்.

"முதல்லை கையை நனைக்கட்டாம். காய்ஞ்ச கை பட்டால் அதின்ரை தோலிலை இருக்கிற வழுவழுப்புப் போயிடுமாம்."

நனைத்தாள்.

"வயித்துக்குக் கீழை ஒரு கை. மற்றக் கை வாலடியிலை. அமத்த வேண்டாமாம், உள்ளுக்கு முட்டை இருக்காம்."

"அமத்தேல்லை."

"பிடிக்க வேண்டாமாம், தவம். தாங்கட்டாம். சும்மா தாங்கிக்கொண்டு நிண்டால் போதுமாம். தனக்கு ஏலுமெண்டால் அதுவே போகுமாம்."

தவமணி தாங்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்கள் சிவந்து, பிறகு வெளிறின. மீனின் செவுள் அசையவில்லை. குலசிங்கம் கரையில் நின்று கொக்குவில் கோயில் தெய்வங்களையெல்லாம் ஒரு சினை மீனுக்காகக் கூப்பிட்டான். செத்துப்போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மீன் சாவது அல்ல பயம். இந்தக் கையில் அது செத்தால், இந்தக் கை இனி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருநாளும் போகாது. அட கடவுளே, மீன் வேண்டுமென்று யார் கேட்டது? இதை ஏன் பிடித்தேன்?

"செவுள் திறக்குது" என்றாள் தவமணி.

"என்ன?"

"திறக்குதப்பா. பாருங்கோ. மெல்லமா... திரும்பவும். என்ர கைக்குள்ளை மூச்சு விடுது."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையில்லை. துடைக்க அவளுக்கு எண்ணமும் இல்லை. மீன் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அவளுடைய உள்ளங்கைகளின் மேல் சிறிது நேரம் சும்மா நின்றது. பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டி, அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

றொபேட் கை தட்டினான். தன் பையிலிருந்து காய்ந்த துவாயும் பெரிய கம்பளிக் காலுறையும் எடுத்துக் கொடுத்தான். குலசிங்கம் மரக்குற்றியில் அவளை இருத்தி, காலைத் துடைத்து, காலுறையை மாட்டி, தன் சப்பாத்தை அவளுக்குப் போட்டுவிட்டு, அவளுடைய ஈரச் சப்பாத்துக்குள் தன் பாதிக் காலை நுழைத்துக்கொண்டான். வாய் ஓயவில்லை. "சன்னி வந்தால் ஆர் பார்க்கிறது? கமலாம்பிகை அன்ரி கேட்டால் என்ர தோலை உரிச்சுப்போடும்." அவள் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரித் தரிப்பில் மணிக் கயிற்றை இழுத்தது தவமணிதான்.

"இஞ்சை ஏன்? வீட்டை போய் உடுப்பு மாத்திப்போட்டு—"

"இறங்குங்கோ."

தாதி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். வாளி, மீன் மணம், பொருந்தாத சப்பாத்து. வாளியை வெளியில் வைக்கச்சொன்னாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, மஞ்சள் கவுன் கொடுத்தாள். தவமணி நெடுநேரம் சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தாள். குளிர் கை பட்டால் பிள்ளை திடுக்கிடும் என்று அவளே சொன்னாள்.

கண்ணாடிப் பெட்டியின் வட்ட வாசலை அன்றைக்குத் தாதி திறக்கவில்லை. தவமணி திறந்தாள். ஒரு கை தலைக்கு, மறு கை பாதத்துக்கு. பிடிக்கவில்லை, தடவவில்லை. சும்மா தாங்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை நெளிந்தான், முகத்தைச் சுளித்தான், பிறகு அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் சுருண்டு அடங்கினான். குலசிங்கம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவனுக்கு அந்த இடத்திலேயே ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அவளுடைய மஞ்சள் கவுனின் முன்பக்கம் நனைந்து, ஈரம் பரவிக்கொண்டு வருவதை அப்போதுதான் கண்டான்.

"கையைத் துடைக்காமலே கவுனைப் போட்டனீர்? நெஞ்செல்லாம் ஈரம். குளிர் பிடிக்கப் போகுதப்பா."

தவமணி குனிந்து பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"தண்ணியில்லையப்பா" என்றாள். "ஓடிப்போய்ப் போத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ. பெரிசாப் பார்த்து."