மூங்கில் முதுகு

நான் படம் எடுக்கும் எக்ஸ்ரே அறைக்குள் டார்சி தரையைப் பார்த்தபடியே நுழைந்தான். முப்பத்தாறு வயதுதான். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். பின்னாலேயே அவனுடைய அக்கா புருஷன் மெர்வ். கொட்டகையில் இவனை வேலை வாங்குகிறவனும் அவன்தான்.

"காலையில எந்திரிக்கவே மாட்டான் பெவ். பத்து மணிக்கு மேல பாரு, ஜம்முனு வேலை செய்வான். இது வியாதியா, சோம்பேறித்தனமா?"

"அதாண்டா இந்த வியாதி! காலையில முதுகு இறுகிக் கிடக்கும், நடமாட நடமாடத்தான் கொஞ்சம் இளகும். வாய மூடிட்டு வெளிய நில்லு," என்றேன். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

படம் திரையில் வந்தது. முதுகெலும்புகளுக்கு நடுவே எலும்பே பாலம் போட்டு, எல்லாம் ஒட்டிக் கணுக்கணுவாக மூங்கில் கழி போல நின்றன. இடுப்புக்குப் பின்னால் இரண்டு மூட்டுகளும் மூடிப்போயிருந்தன. கழுத்தில் மட்டும் மேலே கொஞ்சம் இடைவெளி பாக்கி இருந்தது. பார்த்ததை டார்சியிடம் சொன்னேன்.

"கழுத்தாவது தப்புமா பெவ்? தலை நிமிரலன்னா வண்டி ஓட்ட முடியாது."

"இப்பவே ஊசி ஆரம்பிச்சா, மிச்சத்தக் காப்பாத்தலாம்."

"ஒன்பது வருஷம் முன்னாடியும் இங்கதான் படம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. அன்னிலேர்ந்துதான் மெர்வ் என்னைச் சோம்பேறிங்கறான்."

"எந்தக் குருட்டுப் பய பார்த்தான்?" என்று பழைய படத்தைத் தேடி எடுத்தேன்.

சீ! இந்த நோய் முதலில் தலைகாட்டும் இடமே அந்த இடுப்பு மூட்டுகள்தான். வலது மூட்டைப் படத்தின் ஓரம் பாதியாக வெட்டியிருந்தது. இடது மூட்டின் மேலேயே, இடது பக்கம் என்று காட்டும் ஈய எழுத்தை வைத்துத் தொலைத்திருந்தார்கள். மூட்டையே மறைத்துவிட்டால் டாக்டர் எதைப் பார்ப்பார்? எந்தக் கழுதை செய்த வேலை இது?

படம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் ஈய எழுத்து உண்டு. அதன் அடியில் அவரவர் பெயரின் முதலெழுத்து இருக்கும். குனிந்து பார்த்தேன். பி.எச்.

பெவர்லி ஹாஸ்கின். அதே ஈய எழுத்து இப்போதும் என் சட்டைப்பையில் கிடந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றான் டார்சி. திரையை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியாது. பேசாமல் படத்தை மூடிவிட்டிருக்கலாம்.

அவன் கண்ணில் படுவதற்கு நான் தரையில் மண்டி போட வேண்டியிருந்தது.

"நான்தான் டார்சி."



"சரி, எந்திரி. வெளிய மெர்வ் நிக்கறான். அவன்கிட்டயும் நீயே சொல்லு."